போரை ஓட்டிய ரயில்கள்

நேயர்களுக்கு வணக்கம். முதல் உலகப் போர் ஏன் மூண்டது என்று கேட்டால், சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசரைச் சுட்டார்கள், அதனால்தான் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததைச் சொல்வோம். சுட்டது 1914 ஜூன் 28. செர்பியா மீது ஆஸ்திரியா போர் அறிவித்தது ஜூலை 28. நடுவில் முழுசாக ஒரு மாதம். அதற்கடுத்த ஒரே வாரத்தில் ரஷ்யா, ஜெர்மனி, பிரான்ஸ், பிரிட்டன் என்று அத்தனை பேரும் களத்தில். ஏன் இந்த அவசரம்? ரயில் என்பேன் நான்.

சிரிக்காதீர்கள். சுமார் 40,000 பேர் கொண்ட ஒரு ஜெர்மன் படையணியை எல்லைக்குக் கொண்டுபோக 140 ரயில்கள், 6,010 பெட்டிகள் வேண்டும். அதில் காலாட்படைக்கு 965 பெட்டிகள்தான். குதிரைப்படைக்கு மட்டும் 2,960. கொலோன் நகரில் ரைன் ஆற்றுப் பாலத்தில் ஆகஸ்ட் 2 முதல் 18 வரை 2,150 ரயில்கள் போயின. ஏறக்குறைய பத்து நிமிடத்துக்கு ஒன்று. ஒற்றைப் பாதையில் கிராசிங்குக்கு ஒரு வண்டி நின்றால் பின்னால் வருகிற அத்தனையும் தாமதமாவது நமக்குத் தெரியும். அங்கே ஒரு வண்டி நின்றால் ஒரு படையே நிற்கும்.

ரஷ்யாவும் பிரான்சும் கூட்டாளிகள்; இருவரையும் சமாளிக்க ஜெர்மனியிடம் இருந்தது ஒரே திட்டம். ரஷ்யா படை திரட்ட நாளாகும். அதற்குள் ஆறு வாரத்தில் பிரான்சை முடித்துவிட்டுக் கிழக்கே திரும்ப வேண்டும். ஆகவே ஜூலை 30 அன்று ரஷ்யா முழுப் படைதிரட்டலுக்கு ஆணையிட்டதுமே பெர்லினில் கடிகாரம் ஓடத் தொடங்கிவிட்டது. பிரான்சுக்குப் போகிற வழியோ பெல்ஜியத்தின் லியேஜ் வழியாக. பெல்ஜியத்தின் நடுநிலைக்கு பிரிட்டன் 1839இலேயே உத்தரவாதம் தந்திருந்தது; ஆக, அங்கே கால்வைத்தால் பிரிட்டனும் வரும்.

ஆகஸ்ட் 1 மாலை லண்டனிலிருந்து ஜெர்மன் தூதர் லிக்னோவ்ஸ்கியின் தந்தி வருகிறது. பிரான்சைத் தொடாவிட்டால் பிரிட்டன் ஒதுங்கியிருக்கும் என்பதுபோல் ஒரு செய்தி. ஜெர்மன் சக்கரவர்த்தி கைசருக்கு ஒரே மகிழ்ச்சி. மொத்தப் படையையும் கிழக்கே அனுப்புங்கள் என்கிறார். முடியாது என்கிறார் தலைமைத் தளபதி மோல்ட்கே. ஓராண்டு உழைத்துப் போட்ட ஏற்பாடு, 11,000 ரயில்கள். மாற்றினால் எல்லையில் போய் நிற்பது படையல்ல, சோறில்லாத கூட்டம் என்பது அவர் வாதம். (முடிந்திருக்கும் என்று ஸ்டாப்ஸ் என்ற ராணுவ ரயில்வே தளபதி பிற்பாடு ஒரு புத்தகமே எழுதினார்!) அந்தத் தந்தியே தவறான புரிதல் என்று இரவுக்குள் தெரிந்துவிட்டது. ரயில்கள் மேற்கே போயின.

போரை நிறுத்த விடாத அதே ரயில், போரை முடிக்கவும் விடவில்லை. இதையும் கவனியுங்கள். தண்டவாளம் முடிகிற இடத்திலிருந்து எல்லாம் கால்நடையாகத்தான். ஜெர்மன் தளபதி குளுக்கின் முதலாம் படையில் மட்டும் 84,000 குதிரைகள். தீவனமே நாளுக்கு ஏறக்குறைய 900 டன். பெல்ஜியக்காரர்கள் பாலங்களையும் சுரங்கப் பாதைகளையும் வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். லாரிகளில் பாதிக்கு மேல் பாரிசுக்கு அருகே மார்ன் ஆற்றை நெருங்குவதற்குள் பழுதாகிப் படுத்துவிட்டன. எதிரே பிரெஞ்சுத் தளபதி ஜோஃப்ரே தன் ஆட்களைச் சொந்த ரயிலில் ஏற்றிப் பாரிஸ் பக்கம் இறக்கினார். செப்டம்பரில் ஜெர்மானியர் பின்வாங்கினார்கள். அப்புறம் பதுங்குகுழிதான். தாக்குகிறவன் குண்டு உழுத சேற்றில் நடந்து வருவான்; காக்கிறவனுக்கு ரயிலில் ஆள் வந்து இறங்கும். 1918 வரை பெரும்பாலும் இதே கதை.

நேரம் நெருங்குகிறது, பிரான்சில் நடந்த வெர்டன் சண்டையை விட்டுவிடுகிறேன். ரயில் போகாத கடலிலும் இதே பாடுதான் என்பதற்கு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்திய அந்தக் கப்பலுக்கு நிலக்கரி தர இந்தப் பக்கம் ஜெர்மன் துறைமுகம் கிடையாது. துணைக்கு வந்த நிலக்கரிக் கப்பலையும், பிடித்த கப்பல்களில் கிடைத்த கரியையும் வைத்தே ஓட்டினார்கள். நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பல் அதன் கதையை முடித்தது. வணக்கம்.