900 மீட்டர் புல் ரன்வே: எந்த 900?

[காட்சி: விடியற்காலை. கரும்புக்கு நடுவே நீளமான புல்வெளி. கையில் குச்சியோடு ஒருவர் தரையைக் குத்திக்கொண்டே நடந்து வருகிறார்.]

குச்சியோட நடந்து வர்றது நான்தான். எனக்கு விமானம் ஓட்டத் தெரியாது. ஆனா தென்னாப்பிரிக்காவுல, பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கத்துல இருக்கிற இந்தப் புல் ரன்வேயில வருஷா வருஷம் ஜூலையில நடக்கிற ஃப்ளை-இன்னுக்குத் தரை வேலை மொத்தமும் என் தலையில.

ஃப்ளை-இன் வேற ஒண்ணுமில்ல. சின்ன விமானம் வச்சிருக்கவங்க சனிக்கிழமை காலையில பறந்து வந்து ஒரு இடத்துல கூடுவாங்க. ராத்திரி இறக்கைக்குக் கீழயே டென்ட் அடிச்சுப் படுப்பாங்க. ஞாயித்துக்கிழமை கிளம்பிடுவாங்க. குட்டிக்கரணம், சாகசம் எதுவும் கிடையாது. அதெல்லாம் பண்ணினா ஏர் ஷோ ஆயிடும், அதுக்கு அனுமதி தனி.

விமானம்னதும் கோடீஸ்வரங்கனு நினைக்காதீங்க. எங்க கூட்டத்துல நாலு பேர் பங்கு போட்டு ஒரு பழைய செஸ்னா 172 வச்சிருக்காங்க. நாலு பேருமே டர்பன் நகரத்துக்காரங்க. 1860 நவம்பர்ல மெட்ராஸ்ல இருந்து 'ட்ரூரோ' கப்பல் வந்ததுல இருந்து நம்ம ஆளுங்க கரும்பு வெட்ட வந்தாங்க இல்லையா, அந்த வழியில வந்த குடும்பங்கதான். இன்னைக்கு அதே கரும்புக்கு மேல பறந்து வர்றாங்க.

[காட்சி: காகிதத்தில் பெரிதாக "900 மீ".]

சரி, விஷயத்துக்கு வருவோம். முதல் வருஷம் எல்லாருக்கும் அனுப்பின தகவல்ல "ரன்வே நீளம் 900 மீட்டர்"னு மட்டும் போட்டேன். டேப் வச்சு அளந்த அளவு, ஒரு அடி பொய்யில்ல. செஸ்னா பங்காளிகள்ல மூத்தவர் ஒருத்தர் இருக்கார், எழுபது தாண்டினவர், டர்பன் வழக்கப்படி நாங்க அவரை அங்கிள்னுதான் கூப்பிடுவோம். அவர் போன் பண்ணினார்.

"தம்பி, 900-னு போட்டிருக்கியே, எந்த 900?"

"அங்கிள், 900-ல எத்தனை வகை இருக்கு?"

"காகிதமும் பேனாவும் எடு."

அன்னைக்கு அவர் போட வச்ச கணக்கைத்தான் இப்ப உங்களுக்குப் போட்டுக் காட்டப் போறேன்.

[காட்சி: கணக்கு ஒவ்வொரு வரியாகத் திரையில் எழுதப்படுகிறது.]

செஸ்னா 172 முழு எடையோட, கடல் மட்டத்துல, 15 டிகிரியில, காஞ்ச தார் ரன்வேயில இருந்து கிளம்பி 50 அடி உயரம் தொட சுமார் 500 மீட்டர் வேணும்னு வச்சுக்குவோம். மாடலுக்கு மாடல் இது மாறும், உங்க விமானத்தோட கையேடுதான் உங்களுக்கு வேதம். 50 அடி எதுக்குன்னா, ரன்வே முடியிற இடத்துல மரம் இருக்கும். இங்க இருக்கிறது தைல மரம்.

இப்ப எங்க இடத்துக்கு வாங்க. கடல் மட்டத்துல இருந்து 2,500 அடி. மேல போகப் போகக் காத்து லேசாகும். எஞ்சினுக்கு மூச்சு குறையும், இறக்கைக்கும் பிடி குறையும். பிரிட்டன் விமானத்துறை ஆணையம் சின்ன விமானங்களுக்குன்னு ஒரு தோராயக் கணக்கு கொடுத்திருக்கு. ஒவ்வொரு 1,000 அடிக்கும் 10 சதவீதம் கூட்டணும். அப்ப 500, 625 ஆச்சு.

அடுத்தது வெயில். 2,500 அடியில இருக்க வேண்டிய சராசரி வெப்பம் 10 டிகிரி. 30 டிகிரி அடிக்குதுன்னா 20 டிகிரி அதிகம். 10 டிகிரிக்கு 10 சதவீதம்னு போட்டா 20 சதவீதம். 625, 750 ஆயிடுச்சு.

ஜூலை இங்க குளிர்காலமாச்சே, 30 டிகிரி எங்கிருந்து வரும்னு கேட்பீங்க. நானும் கேட்டேன். பெர்க் விண்ட்னு ஒரு காத்து இருக்கு. உள்நாட்டுப் பீடபூமியில இருந்து கடற்கரையைப் பார்த்து இறங்கி வரும். இறங்க இறங்கக் காத்து அமுங்கும், அமுங்கினா சூடாகும், 100 மீட்டர் இறங்கினா சுமார் 1 டிகிரி. காலையில ஸ்வெட்டர் போட்டவன் மத்தியானம் பனியனோட நிப்பான். போதாக்குறைக்கு, அதுக்குப் பின்னாடியே குளிர் காத்து ஒண்ணு திசை மாறி அடிச்சுக்கிட்டு வரும்.

[காட்சி: கேமரா தரைக்கு இறங்குகிறது. புல், விரல், அளவுகோல்.]

கடைசியா புல். இது கிக்குயு புல், மெத்தை மாதிரி அடர்த்தியா படரும். நடக்க சுகம், சக்கரத்துக்குச் சுமை. காஞ்ச புல்லுக்கு 20 சதவீதம் கூட்டணும். 750, 900 ஆச்சு.

பார்த்தீங்களா? ரன்வே 900, விமானம் கேக்கிறதும் 900. தைல மரத்தோட உச்சாணி இலையை உரசிக்கிட்டுப் போகலாம். இதுக்கு மேல கையிருப்பா மூணுல ஒரு பங்கு வச்சுக்கணும்னும் அதே கணக்கு சொல்லுது. அப்ப வேண்டியது சுமார் 1,200 மீட்டர். அது எங்ககிட்ட இல்ல.

"அப்ப ஃப்ளை-இன்னே வேண்டாமா அங்கிள்?"

"யார் சொன்னா? எப்ப கிளம்பணும், எவ்வளவு தூக்கணும், அதைச் சேர்த்து எழுதுடா தம்பி."

எடையில 10 சதவீதம் குறைஞ்சா தூரம் ஆறுல ஒரு பங்கு குறையும். 172-க்கு 10 சதவீதம்னா 115 கிலோ பக்கம், அதாவது ஒரு ஆளும் கொஞ்சம் பெட்ரோலும். காலையில 18 டிகிரியில கிளம்பினா, லேசான எடைக்குக் கையிருப்பெல்லாம் சேர்த்து 898 மீட்டர். ரெண்டு மீட்டர் மிச்சம். சிரிக்காதீங்க, கையிருப்பு உள்ள போன பிறகு வர்ற ரெண்டு மீட்டர் அது.

சரி, அப்ப விடிஞ்சதும் ஆறரைக்கே எல்லாரையும் கிளப்பிடலாமேன்னு தோணும். அங்கதான் பனித்துளி குறுக்க வருது. ஈரப் புல்லுக்கு 20 இல்ல, 30 சதவீதம். குளிரால கிடைச்ச லாபம் பனியில போயிடும். அதனால ஞாயித்துக்கிழமை கிளம்ப எங்களுக்குக் கிடைக்கிறது ஒரு சின்ன இடைவெளி. பனி காஞ்சிருக்கணும், வெயில் ஏறியிருக்கக் கூடாது. இதை நான் செருப்பைக் கழட்டிட்டு வெறுங்காலோட நடந்துதான் பார்க்கிறேன். அதுக்கு இதை விட நல்ல கருவி எனக்குத் தெரியல.

இறங்குறதுக்கு வேற கணக்கு. காஞ்ச புல்லுன்னா 15 சதவீதம், ஈரம்னா 35. புல்லை ஒட்ட வெட்டிட்டா நல்லதுன்னுதான் நானும் நினைச்சேன். ஒட்ட வெட்டின புல் நனைஞ்சா பிரேக் பிடிக்காம வழுக்கும், தூரம் 60 சதவீதம் வரைக்கும் கூடலாம். அதனால விரல் நீளத்துக்கு விட்டு வெட்டுறோம். சனிக்கிழமை ஒன்பது மணிக்கு முன்னாடி யாரும் இறங்க வேண்டாம்னு எழுதியே அனுப்பிடுறோம்.

[காட்சி: பக்கி வண்டி புல் ரன்வேயில் ஓடுகிறது.]

மேடு பள்ளம் பார்க்க, பக்கியை, அதாவது பிக்-அப் வண்டியை, 50 கிலோமீட்டர் வேகத்துல ஒரு முனையில இருந்து மறு முனை வரைக்கும் ஓட்டுவோம். பக்கத்து சீட்ல இருக்கிறவன் கையில டீ டம்ளர். சிந்தினா அந்த இடத்துல குச்சி நட்டுட்டு மண்வெட்டியோட திரும்பி வருவோம். பாதிக்கு மேல எலி வளைதான்.

தோட்டக்காரர்கிட்டயும் பேசணும். இங்க கரும்பு வெட்டு ஏப்ரல்ல ஆரம்பிச்சு டிசம்பர் வரைக்கும் போகும். வெட்டுறதுக்கு முன்னாடி தோகையை எரிப்பாங்க. புகை கிளம்பினா ரன்வே மேல இருந்து கண்ணுக்கே தெரியாது. அந்த ரெண்டு நாள் மட்டும் இந்தப் பக்கம் எரிக்காதீங்கன்னு கேட்டுக்குவோம், மாட்டையும் கட்டிப் போடச் சொல்லுவோம். தேதி குறிக்கிறப்ப நம்ம பக்கமும் பார்த்துக்கணும். ஜூலைக்குப் பதிலா ஈஸ்டர் வாரம் வச்சா, பாதிப் பேர் டர்பன் பக்கத்துல இசிப்பிங்கோ மாரியம்மன் கோயில் திருவிழாவுல இருப்பாங்க.

இங்க கட்டுப்பாட்டுக் கோபுரம் கிடையாது. ஆள் இல்லாத ரன்வேக்கெல்லாம் தென்னாப்பிரிக்காவுல ரேடியோ அலைவரிசை பொதுவா 124.8 மெகாஹெர்ட்ஸ். ரன்வே பேரு, தான் யாரு, எங்க, எந்த உயரத்துல, அடுத்து என்ன செய்யப் போறேன், மறுபடி ரன்வே பேரு. அவ்வளவுதான் பேச்சு. அந்த அலைவரிசையில பத்து விமானம் ஒண்ணா வர்றப்ப "வணக்கம் மச்சான், சௌக்கியமா"ன்னு ஆரம்பிக்கிற ஆளை அங்கிள் கீழ வந்ததும் கவனிச்சுக்குவார்.

[காட்சி: கயிறு கட்டிய வரிசை. குழந்தைகள் எட்டிப் பார்க்கிறார்கள்.]

தரையில எனக்குப் பயம் ஒண்ணே ஒண்ணு, ப்ரொப்பெல்லர். சுத்துறப்ப அது கண்ணுக்குத் தெரியாது. சுத்துப்பட்டுப் பசங்க எல்லாம் வந்து நிப்பாங்க. அதனால கயிறு. கயிறுக்கு உள்ள எஞ்சின் நிக்கிற வரைக்கும் யாருக்கும் அனுமதி இல்ல, பைலட்டோட பொண்டாட்டிக்கும் இல்ல.

பெட்ரோல் நாங்க விக்கிறதில்ல. பழைய எஞ்சின்களுக்கு நீல நிறத்துல இருக்கிற ஏவ்காஸ்ங்கிற விமானப் பெட்ரோல் வேணும், லேசான விமானங்கள்ல வர்ற ரோட்டாக்ஸ் எஞ்சின் கார் பெட்ரோல்லயே ஓடும். ரெண்டையும் டிரம்ல வச்சுக்கிட்டு தண்ணி கலக்காம காக்கிறது என்னால ஆகாத வேலை. திரும்பிப் போகத் தேவையானதை டேங்க்லயே வச்சுக்கிட்டு வாங்கன்னு சொல்லிடுறோம். அதுவும் எடைதான், கணக்குல சேரும். சனிக்கிழமை மத்தியானம் போடுற மட்டன் 'பன்னி சௌ'வும் (bunny chow) சேரும். கால் ரொட்டிக்குள்ள குழம்பு ஊத்தித் தருவோம், ஆனா யாரும் கால் ரொட்டியோட நிறுத்தினதா எனக்கு ஞாபகம் இல்ல.

[காட்சி: ஞாயிறு காலை. விமானங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்புகின்றன.]

போன வருஷம் ஞாயித்துக்கிழமை எட்டே முக்காலுக்குப் புல் காஞ்சிருச்சு. பத்து மணிக்குள்ள பதினோரு விமானம் போயிடுச்சு. அங்கிள் கிளம்ப நேரமாயிடுச்சு, பேரப்பிள்ளைங்க ரெண்டு பேரும் அவரோடதான் பறப்போம்னு அடம். பதினொண்ணரைக்கு வெப்பமானி 27 காட்டுச்சு. பெர்க் விண்ட் ஆரம்பிச்சிருச்சு. அவர் காகிதத்தை எடுத்து மடியில வச்சு எழுதிப் பார்த்தார். எழுதினதை என்கிட்ட காட்டல. எழுந்து போய் இறக்கை ரெண்டையும் வாலையும் கயிறு போட்டுக் கட்டினார்.

"தம்பி, பக்கியில இடம் இருக்கா?"

பிள்ளைங்க முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டு டர்பன் வரைக்கும் பின்னாடியே உக்காந்து வந்துதுங்க. திங்கட்கிழமை காலையில அவரை மட்டும் கொண்டு வந்து விட்டேன். ஒன்பது மணிக்கு, ஒத்தை ஆளா, பாதி ரன்வே தாண்டுறதுக்குள்ளயே மேல ஏறிட்டார்.