சூளைக்கு முன் மண்: யாழ்ப்பாணத்துக் களியும் புகையும்

வணக்கம். பெரியவர்களுக்கான மட்பாண்ட வகுப்பில் புதிதாகச் சேருகிறவர்கள் சக்கரத்தில் ஒரு கிண்ணம் நேராக எழும்ப முன்னமே கேட்கிற கேள்வி ஒன்று இருக்கிறது: “ராக்கு எப்ப செய்வம்?” தணலாகச் சிவந்த கிண்ணத்தை நீண்ட இடுக்கியால் சூளையிலிருந்து எடுத்து, மரத்தூள் நிறைந்த தகர வாளிக்குள் போட்டு மூடுவதைக் காணொளியில் பார்த்திருப்பார்கள். ஆசை வரத்தான் செய்யும். 16ஆம் நூற்றாண்டில் யப்பானின் கியோத்தோவில் தேநீர்க் கிண்ணங்களுக்காகத் தொடங்கிய முறை அது. இன்றைக்குப் பலர் செய்கிற, மரத்தூளில் புகையூட்டுகிற வகையோ 1960இல் அமெரிக்காவில் போல் சோல்ட்னர் என்ற மட்பாண்டக் கலைஞர் பரிசோதித்துப் பார்த்ததிலிருந்து பரவியது.

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு பரிசோதனை செய்கிறவர் முதலில் சோதிக்க வேண்டியது மண்ணை, நெருப்பு அதற்குப் பிறகுதான் என்பது என்னுடைய உறுதியான எண்ணம். எங்கள் காலடியில் இருப்பது சுண்ணக்கல். வயலிலோ குளத்தடியிலோ களி எடுத்தால் அதற்குள் கல்லுத் துணிக்கையோ சிப்பித் துண்டோ கலந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அந்தத் துணிக்கை 700 பாகை செல்சியசைத் தாண்டியதும் சிதையத் தொடங்கி, 900ஐ நெருங்க நீறாத சுண்ணாம்பாகிவிடும். சட்டி சூளையிலிருந்து வரும்போது வடிவாகத்தான் இருக்கும். பிறகு அந்தச் சுண்ணாம்பு காற்றின் ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சி வீங்க, சில நாளிலோ சில கிழமையிலோ பக்கச் சுவரில் ஒரு சில்லுக் கழன்று விழும், குழியின் நடுவில் வெள்ளைப் புள்ளி தெரியும். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு நீற்றுவதைப் பார்த்தவர்களுக்கு விளங்கும், அதே வேலைதான் சட்டிச் சுவருக்குள் நடக்கிறது.

இதற்காகக் களியைத் தூக்கி எறியத் தேவையில்லை. காய்ந்த கட்டி ஒன்றில் வினாகிரி விட்டுப் பாருங்கள், நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. களியைத் தண்ணீரில் கரைத்து நெருக்கமான கண்ணுள்ள அரிதட்டில் வடித்தால் பெரிய துணிக்கைகள் போய்விடும், மாவாக அரைபட்ட சுண்ணாம்பு அவ்வளவு கெடுதல் செய்யாது. சூட்டைக் குறைத்துச் சுடுவது இன்னொரு வழி. கொஞ்சம் உப்புச் சேர்த்துப் பிசைவதும் உதவும், சிப்பி கலந்த களியில் வேலை செய்த பழைய குயவர்கள் பல நாடுகளில் இதைத் தெரிந்து வைத்திருந்தார்கள். எங்களுக்குக் கடல் பக்கத்திலேயே இருக்கிறது, கடல் தண்ணீரில் பிசைந்த களியையும் நல்ல தண்ணீரில் பிசைந்த களியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சுட்டுப் பார்ப்பது எவ்வளவு அருமையான பரிசோதனை!

அப்புறம் புகை. 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் குழுவினர் ஆனைக்கோட்டையில் பெருங்கற்காலப் புதைகுழிகளை அகழ்ந்தபோது கறுப்பு சிவப்பு மட்பாண்டங்கள் கிடைத்தன. உள்ளும் வாய் விளிம்பும் கறுப்பு, வெளியே சிவப்பு. பாண்டத்தைக் கவிழ்த்து வைத்துச் சுட்டதால் உள்ளே காற்றுப் போகாமல் கரி படிந்தது, வெளியே காற்றுப் பட்டு இரும்புச் சத்துச் சிவந்தது என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். ராக்கு வாளிக்குள் மூடி வைக்கும்போது கிண்ணம் கறுப்பதற்கும் காரணம் அதே காற்றுத் தட்டுப்பாடுதான். இதைத் தெரிந்துகொண்டால் வகுப்பில் மின் சூளையோ எரிவாயுச் சூளையோ இல்லையே என்று யாரும் கவலைப்பட மாட்டார்கள். ஒரு குழி, உமி, பொச்சு, காய்ந்த பனையோலை, ஊமல் போதும். கூழாங்கல்லாலோ கரண்டியின் பின்பக்கத்தாலோ நன்றாகத் தேய்த்து மினுக்கிய சின்னக் கிண்ணத்தை, காய்ந்த வாழைத்தோல், உப்பு, துளி மயில்துத்தம் (செம்பு கலந்த நீல உப்பு) எல்லாவற்றோடும் மூடியுள்ள சட்டிக்குள் அடைத்து அந்தக் குழியில் வைத்தால் உப்பு பட்ட இடம் செம்மஞ்சளாகவும் செம்பு பட்ட இடம் இளஞ்சிவப்பாகவும் வரலாம். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வராது.

அதனால்தான் கொப்பி முக்கியம் என்று அடித்துச் சொல்கிறேன். பெரியவர்கள் வகுப்புக்கு வரும்போது வீட்டுக்குக் கொண்டுபோக ஒரு பூச்சாடி வேண்டும் என்று நினைப்பது இயல்பு, ஆனால் விரலளவு வில்லைகள் நிறையச் செய்து, ஒவ்வொன்றின் முதுகிலும் இலக்கம் கீறி, எந்தக் களி, என்ன போட்டது, காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று எழுதி வைத்தால்தான் அடுத்த முறை வேண்டிய நிறத்தைத் தேடிப் போகலாம்.

சில விஷயங்களில் விட்டுக்கொடுக்க முடியாது. மயில்துத்தம் நஞ்சு, உப்பும் நெருப்பும் சேர்ந்தால் மூச்சைப் பாதிக்கும் புகை வரும், ஆகவே திறந்த வெளியில், புகை உங்கள் மேல் வராதபடி காற்று வருகிற பக்கத்தில் நின்று, முகமூடியோடும் கையுறையோடும் செய்யுங்கள். காய்ந்த களித் தூசியில் நுரையீரலைக் கெடுக்கும் சிலிக்கா இருக்கிறது, வகுப்பறையைக் கூட்டாதீர்கள், ஈரத் துணியால் துடையுங்கள். இப்படிச் சுட்ட பாத்திரத்தில் சாப்பிடவும் வேண்டாம், அது பார்வைக்குத்தான்.

வகுப்பு நடத்துகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். சட்டி பானை செய்து வாழ்ந்த குடும்பங்களில் முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எந்தக் குளத்துக் களி வெடிக்கும், எது தாங்கும் என்று விரலால் தொட்டே சொல்லக்கூடிய அவர்களை அழையுங்கள், உரிய சம்பளம் கொடுத்து ஆசிரியராகவே அழையுங்கள். கேட்டுக்கொண்டிருக்கிற நீங்கள் அடுத்த முறை கிணறு இறைக்கும்போதோ குளம் தூர்வாரும் இடத்திலோ களியைக் கண்டால் ஒரு பேணியில் எடுத்து, இடத்தின் பெயரை ஒட்டி, பக்கத்தில் இருக்கிற வகுப்புக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். வினாகிரிச் சோதனையை அங்கேயே செய்து பார்த்துவிடலாம்.