இம்பூறல் வேரும் நம்ம ஊர்த் தறியும்

எல்லாருக்கும் வணக்கம். வீரவநல்லூர்த் தறிக்காரர்களும் பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரிப் பிள்ளைகளும் ஒரே பந்தலில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க மனசு நிறைந்திருக்கிறது, அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நாகர்கோவிலைத் தாண்டிப் போனால் வருகிற கேரளத்துப் பலராமபுரத்தில், மூலிகைச் சாயம் ஏற்றிய துணியை ஆயுர்வஸ்திரம் என்று நெய்து விற்கிறார்கள். மஞ்சள், வேம்பு, துளசி, சந்தனம் எல்லாம் சேர்க்கிறார்கள். அம்மை போட்ட பிள்ளையை வேப்பிலையில் படுக்கவைத்து, மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரைத் தலைக்கு ஊற்றுகிற நமக்கு இது புதுசா என்ன?

இம்பூறலை எடுத்துக்கொள்ளுங்கள். கடலோர மணலில் தரையோடு கிடக்கும் சின்னச் செடி. இரத்த வாந்திக்கு மருந்தென்று, ‘இம்பூறல் காணாமல் இரத்தம் கக்கிச் செத்தானே’ என வைத்தியர்கள் சொல்லுவார்களே, அதேதான். துணிக்காரர்களுக்கு அது சாயவேர். துணியைக் கடுக்காய்த் தண்ணீரில் ஊறப்போட்டு, உலர்த்தி, படிகாரம் ஏற்றி, அப்புறம் அந்த வேரை இடித்துப் போட்ட கொப்பரையில் காய்ச்சினால், எத்தனை வெளுப்புக்கும் அசையாத சிவப்பு கிடைக்கும். படிகாரத்துக்குப் பதில் இரும்புத் தண்ணீர் விட்டால் அதே கடுக்காய் கறுப்பாகிவிடும். 1869-இல் ஜெர்மன் வேதியியலாளர்கள் இந்தச் சிவப்பை, அதாவது அலிசரினை, நிலக்கரித் தாரிலிருந்து செய்யக் காப்புரிமை வாங்கினார்கள், 1897-இல் செயற்கை நீலமும் சந்தைக்கு வந்தது, நம் சாயவேரும், நீலச் சாயம் தந்த அவுரியும் தொழிலை விட்டே போயின.

சரி, இந்தத் துணியைக் கட்டினால் நோய் போகுமா? சர்க்கரை இறங்கும், மூட்டுவலி தீரும் என்று சொல்லி விற்பவர்களை நான் நம்பவில்லை, நீங்களும் அப்படி விற்காதீர்கள். படிகாரத்தோடு நூலில் இறுகிப்போன சாயம் உடம்புக்குள் எப்படி இறங்கும்? இறங்குகிற அளவுக்கு இளகினால் நாலு சலவையில் துணி வெளுத்துவிடும், மஞ்சளோ வெயில் பட்டாலே மங்கிவிடும். ஆனால் சில செயற்கைச் சாயங்கள் ஒத்துக்கொள்ளாமல் அரிப்பும் தடிப்புமாகத் தவிக்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு இந்தத் துணி உதவலாம். மூலிகை என்பதாலேயே எல்லாத் தோலுக்கும் ஒத்துக்கொள்ளும் என்றும் இல்லை, அதைச் சோதித்துத்தான் சொல்ல வேண்டும்.

அந்தச் சோதனையை இங்கேயே செய்யலாமே! மருத்துவப் பிள்ளைகளே, சாயம் ஏற்றிய துண்டையும் ஏற்றாத துண்டையும் தறிக்காரர்களிடம் கேட்டு வாங்குங்கள், உங்கள் ஆசிரியர்கள் பார்வையில் முறையாக ஒப்பிடுங்கள். தறிக்கார அண்ணாச்சிமாரே, எந்த வேர், எந்த இலை, படிகாரமா இரும்பா என்று ஒவ்வொரு துணியின் சீட்டிலும் தமிழில் எழுதி ஒட்டுங்கள்.