அம்பாசிடர் சீட்டைப் பிரிச்சா உள்ள என்ன இருக்கு?

[காட்சி: வீட்டு முற்றம். தார்ப்பாய்க்குள்ள பாதி தெரியுற வெள்ளை அம்பாசிடர். பின் சீட் மட்டும் வெளியில, கொல்லாமரத்து மூட்டுல சாய்ஞ்சு கிடக்கு.]

வணக்கம் மக்களே. இது 1984 மாடல் மார்க் 4. எங்க பெரியப்பா கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையில வாடகைக்கு ஓட்டின வண்டி. எஞ்சின் வேலை போன வருஷமே முடிஞ்சாச்சு. ஆனா கதவைத் திறந்தா ஒரு நாத்தம் வரும் பாருங்க, நனைஞ்ச சாக்கையும் எலிப்பொந்தையும் ஒண்ணா வச்சாப்புல. அதனால இன்னைக்கு சீட் வேலை.

குஷன் கடையில கொடுத்தா அவங்களே புது ரெக்ஸின் போட்டுத் தந்துருவாங்க. அதுல தப்பே இல்ல. ஆனா ஜூன்ல தென்மேற்கு, அக்டோபர்ல வடகிழக்குன்னு ரெண்டு மழையும் வாங்குற மாவட்டம் நம்மது. குளச்சல், முட்டம் பக்கம்னா உப்புக்காத்து வேற. பழசுக்கு மேலயே புதுசை மாட்டிவிட்டா, மேல பளபளன்னு இருக்கும். உள்ள கம்பி துருப்பிடிச்சு சாக்கைத் தின்னுட்டு இருக்கும். நான் பிரிச்சுப் பாக்கணும்னு நினைச்சது அதுக்குத்தான்.

[காட்சி: கை, பின் சீட்டுக்கு அடியில டார்ச் அடிக்குது.]

பின் சீட் குஷனைத் தூக்கினதும் கிடைச்சது: ரெண்டு 25 பைசா, ஒரு சீப்பு, நேசமணி பேர்ல நம்ம மாவட்டத்து அரசு பஸ் ஓடின காலத்து டிக்கெட் ஒண்ணு. 1997-ல அந்தப் பேரை மாத்தியாச்சு. அப்போ அதுக்குப் பிறகு இந்த மூலையை யாரும் சரியா தூத்ததே இல்லன்னுதானே அர்த்தம்!

தரையில ஈரமும் இருந்துச்சு. சீட்டைத் தொடுறதுக்கு முன்னாடி அந்த ஈரம் எங்கேருந்து வருதுன்னு பாத்துருங்க. ஒருத்தர் உள்ள உக்காரணும், இன்னொருத்தர் வெளியில நின்னு கண்ணாடி மேல ஹோஸ் பைப்புல தண்ணி விடணும். எனக்கு முன் கண்ணாடி ரப்பர் பீடிங்கோட கீழ் மூலையில ஒழுகிச்சு. பீடிங்கை மாத்தி, தரைத் துருவைச் சுரண்டி, ரெட் ஆக்சைடு அடிச்ச பிறகுதான் சீட்டுக்கு வந்தேன்.

முன் சீட் போல்ட்டுக்கு முந்தின நாள் ராத்திரியே எண்ணெய் விட்டு வைங்க. அவசரப்பட்டுத் திருகினா தலை முறிஞ்சு போகும்.

[காட்சி: சீட்டைக் கவுத்துப் போட்டு, கட்டிங் பிளேயரால ஒவ்வொரு வளையமா வெட்டுறது.]

இந்தச் சின்னக் கம்பி வளையங்கள்தான் ரெக்ஸினை ஃபிரேமோட பிடிச்சு வச்சிருக்கு. ரெக்ஸின் ஓரத்துல துணிக்குழல் மாதிரி தைச்சு, அதுக்குள்ள ஒரு நீளக் கம்பி ஓடும். வளையம் அந்தக் கம்பியைச் சேர்த்துப் பிடிக்கணும். ரெக்ஸினை மட்டும் பிடிச்சா ஒரு மாசத்துல கிழிஞ்சுரும். அந்தக் கம்பிகளை உருவி, எந்தப் பக்கத்துதுன்னு டேப் ஒட்டி வச்சுக்கோங்க. ரெக்ஸினுக்குக் கீழ பஞ்சு, அதுக்கும் கீழ கயிறு நார், அப்புறம் சாக்கு, கடைசியா ஸ்பிரிங்.

நாரோட தடிமன் பாத்தீங்களா? ரப்பர் பாலைத் தெளிச்சு வேக வச்ச தேங்கா நார் இது. குலசேகரத்து ரப்பரையும் நம்ம தென்னையையும் வச்சுக்கிட்டு நாம ஊரெல்லாம் ஃபோம் தேடி அலையுறோம். நான் நாரை அப்படியே வச்சு, மேல 40 டென்சிட்டி ஃபோம் போட்டேன். சாக்கை மட்டும் விட்டுராதீங்க, அது இல்லாட்டி ஸ்பிரிங் ஃபோமை அறுத்துரும்.

இனி முக்கியமான இடம். மார்த்தாண்டத்துல குஷன் வேலை செய்யுற ஒரு அண்ணாச்சிகிட்ட யோசனை கேட்டேன். அவர் சொன்னது இதுதான்: "மக்கா, பழசைத் தூரப் போடாண்டாம். அதுதான் உனக்க அளவு."

[காட்சி: பிரிச்ச பழைய துண்டுகள் பிரவுன் பேப்பர் மேல. சாக்பீஸ் நம்பர்கள்.]

பிரிக்கிறதுக்கு முன்னாடியே ஒவ்வொரு துண்டுக்கும் நம்பர் போடுங்க. ரெண்டு துண்டு சேருற இடத்துல குறுக்கே ஒரு கோடு இழுங்க, தைக்கும்போது அந்தக் கோடுகள்தான் உங்களுக்கு வழி. பிறகு பிளேடால தையலை அறுத்து, பேப்பர்ல பரத்தி வரையணும். இங்கதான் ஒரு சூட்சுமம். முன் சீட் முழு பெஞ்ச். 30 வருஷம் பெரியப்பா உக்காந்த பக்கம் ரெக்ஸின் நீண்டு தொங்கிப் போச்சு, அதை அளவா எடுத்தா புதுசும் தொங்கும். அவ்வளவா ஆள் உக்காராத பக்கத்துத் துண்டை வரைஞ்சு, அதையே கவுத்துப் போட்டு அடுத்த பக்கத்துக்கும் எடுத்தேன்.

அடுத்தது என் முட்டாள்தனம். நடுவுல வரி வரியா மேடு வருதே, அந்தத் துண்டை அளவுக்கு வெட்டிட்டு அப்புறம் வரி தைச்சேன். மெல்லிய ஃபோம் மேல ஒவ்வொரு வரி தைக்கும்போதும் ரெக்ஸின் கொஞ்சம் உள்ள இழுக்கும். முடிச்சுப் பாத்தா ரெண்டு விரக்கடை குறையுது! ஒரு மீட்டர் ரெக்ஸின் போச்சு. பெரிய துண்டா எடுத்து முதல்ல வரி தைங்க, வெட்டுறதைக் கடைசியில வச்சுக்கோங்க.

ரெக்ஸின்னு நாம சாதாரணமா சொல்றது இங்கிலாந்துல ஒரு கம்பெனியோட சரக்குப் பேரு. இப்போ கடையில வர்றது துணி மேல பி.வி.சி. பூசினது. பின்பக்கத்துத் துணி, இழுத்தா லேசா நீளுறதா பாத்து வாங்குங்க.

நூல் பாலியஸ்டர்தான். பருத்தி நூல் நம்ம ஈரத்துல இத்துப் போகும். ஊசி 18-ஆம் நம்பர். தையலைக் கிட்டக்கிட்ட போடாதீங்க. ஓட்டை நெருங்கினா தபால்தலை கிழியுற மாதிரி அந்தக் கோட்டுலயே கிழியும். 4 மில்லிமீட்டர் இடைவெளி நல்லது. வீட்டுத் தையல் மிஷின் ரெண்டு மடிப்பைத் தாங்கும், பைப்பிங்கோட (ஓரத்துல உருண்டையா வர்ற மடிப்பு) நாலு மடிப்பு வந்தா முனகும். அந்த இடங்களை மட்டும் கடையில கொடுத்துத் தைச்சேன்.

[காட்சி: மதிய வெயில். தைச்ச கவர் சிமெண்ட் தரையில காயுது.]

மாட்டுறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் வெயில்ல போடுங்க. சூட்டுல ரெக்ஸின் இளகும். முன் ஓரத்து நடுவுல தொடங்கி ரெண்டு மூலைக்கும் இழுத்துட்டுப் போங்க. மூலையில தொடங்கினா சுருக்கத்தை எங்கேயும் தள்ள முடியாது.

[காட்சி: புது சீட் வண்டியில. பெரியப்பா டிரைவர் பக்கம் ஏறி உக்கார்றார்.]

பெரியப்பா ஸ்டியரிங்கைப் பிடிச்சார், குலுங்கிப் பாத்தார், ரெக்ஸினைத் தடவினார். தலையை மேல தூக்கினதும் கூரைத் துணியில டங்குன்னு முட்டிச்சு.

"லே மக்கா, சீட்டு ஒசந்து போச்சே!"

நாருக்கு மேல போட்ட ஃபோம், ரெண்டு இஞ்சு. அதை ஒரு இஞ்சா குறைக்கணும். வளையத்தை எல்லாம் நாளைக்குத் திரும்ப வெட்டுறேன்.