முட்டைக்கு உபயம் யார்?

நேயர்களுக்கு வணக்கம்.

கபடியைப் பற்றி வானொலியில் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று சொன்னதும் எங்கள் ஊர்ப் பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் எதிரணிக்குள் ரெய்டு போனவனும் இல்லை, ரெய்டு வந்தவனைக் கால் பிடித்து நிறுத்தியவனும் இல்லை. கூட்டுறவுக் கடன் சங்கத்தில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். மன்னார்குடிப் பக்கத்தில் எங்கள் ஊர்க் கபடிக் கழகத்துக்குப் பல வருஷமாகக் கணக்கு எழுதி வருகிறேன். அதனால் ஆட்ட நுணுக்கமெல்லாம் என்னிடம் கிடைக்காது. ஆட்டத்துக்குப் பின்னால் இருக்கிற பணத்தைப் பற்றியும், பணம் வாங்காமல் வேலை செய்கிறவர்களைப் பற்றியும் சொல்கிறேன்.

தை பிறந்து அறுவடை முடிந்தால் டெல்டாவில் சுவருக்குச் சுவர் தொடர்போட்டி நோட்டீஸ்தான். ஒரு நோட்டீஸைக் கையில் எடுத்துப் படித்துப் பாருங்கள். முதல் பரிசு 25,000 ரூபாய், உபயம் சிங்கப்பூர் வாழ் நண்பர்கள். சுழற்கோப்பை உபயம் ஒருவர். மைக் செட் உபயம் ஒருவர். மின்விளக்கு, பந்தல், நடுவர்களுக்குச் சாப்பாடு, வெளியூர் அணிகளுக்கு இரவு டிபன் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் இருக்கும். ஆட்ட விதி நாலு வரி, மீதி முழுக்கப் பெயர்கள். இதைக் கேலியாகச் சொல்லவில்லை. எந்த அதிகாரியிடமும் மனு கொடுக்காமல், ஒரு சிற்றூர் தன் சொந்த முயற்சியில் பத்து நாளில் லட்ச ரூபாய் திரட்டிவிடுகிறது. சங்கத்தில் கடன் வசூலுக்கு அலைந்த எனக்கு அதன் அருமை தெரியும்.

போட்டி முடிந்த மறுநாள் சாயங்காலம் அதே மண் கோர்ட்டுக்கு யார் வருகிறார்கள்? ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் வருகிறார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து நேராக, மதியம் சாப்பிட்டதோடு வருகிறார்கள். ஒன்றரை மணி நேரம் ஓடி, விழுந்து, புரண்டு வீட்டுக்குப் போகிறார்கள். அவர்களுக்கு ஆளுக்கு ஒரு அவித்த முட்டை கொடுக்கலாம் என்று நினைத்தோம். 30 பிள்ளைகள், மாதம் 25 நாள், முட்டை 6 ரூபாய் என்று போட்டால் 4,500 ரூபாய். மேலே சொன்ன அந்த ஒரே முதல் பரிசுத் தொகையில் ஐந்து மாதத்துக்கு மேல் முட்டை வாங்கலாம். ஆனால் முட்டைக்கு உபயம் கேட்டுப் போனால், பரிசுக்கு யோசிக்காமல் ஐயாயிரம் எடுத்துக் கொடுத்த அதே மனிதர் "அப்புறம் பார்ப்போம் மாமா" என்கிறார். முட்டையை மைக்கில் அறிவிக்க முடியாது. மேடையில் ஏறிப் பொன்னாடை போர்த்திக்கொண்டு கையில் கொடுக்கவும் முடியாது.

கோயில் காரியத்தில் நம் முன்னோர் இதைத் தெளிவாக யோசித்து வைத்திருக்கிறார்கள். திருவிழாவுக்கு ஒவ்வொரு நாளும் செலவை ஏற்க ஒரு மண்டகப்படிக்காரர் உண்டு. திருவிழா முடிந்தபிறகு விளக்கெரிய எண்ணெய்க்கும் நைவேத்தியத்துக்கும் தினசரிக் கட்டளைக்காரர் தனியாக உண்டு, அதற்கு நிலமும் எழுதி வைத்தார்கள். எங்கள் கபடிக் கழகங்களில் மண்டகப்படிக்காரர்கள் நிறையப் பேர். கட்டளைக்காரர்தான் இல்லை.

பெரிய இடத்திலும் இதே கதைதான். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டிகள் நடந்தன. கபடியில் இந்தியப் பெண்கள் அணியும் ஆண்கள் அணியும் தங்கம் வென்றன. பெண்கள் அணியில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா. ஆண்கள் அணியில் எங்கள் திருவாரூர் மாவட்டத்து வடுவூர் அபினேஷ். வடுவூரில் கபடி எப்படிப்பட்ட சங்கதி என்று இந்தப் பக்கத்து நேயர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இருவருக்கும் அரசு தலா 25 லட்சம் ரூபாய் கொடுத்தது. மனம் நிறைந்தது. ஜெயித்த பிறகு கொடுப்பதற்கு எல்லோரும் முன்வருகிறார்கள், அதுவும் வேண்டியதுதான். ஆனால் ஜெயிப்பதற்கு முந்தைய அத்தனை வருஷமும் கண்ணகி நகர் மாதிரி இடங்களில் பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் பயிற்சி கொடுப்பது, அநேகமாக, வேறு வேலை பார்த்துக்கொண்டு சாயங்காலம் மைதானத்துக்கு ஓடிவரும் ஆட்கள்தான்.

அவர்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் கழகத்தின் வரவு செலவில் அவர்கள் எந்தப் பத்தியிலும் வருவதில்லை. கோர்ட்டுக்குத் தண்ணீர் தெளித்து, மண்ணைக் கொத்திப் பொடியாக்கி, கல் பொறுக்கி, கோடு போட ஒருவர். பிள்ளைகளை மாவட்டத் தேர்வுக்கு வேனில் கூட்டிப்போக ஒருவர். வயதுச் சான்று, ஆதார், பள்ளிச் சான்று என்று விண்ணப்பம் எழுத ஒருவர். இவர்களுடைய நேரத்துக்குக் கூலி போட்டால் எங்கள் ஆண்டு வரவு முழுவதும் அதற்கே காணாது. விளையாட்டு ஒதுக்கீட்டில் காவல் துறைக்கும் ரயில்வேக்கும் போன பழைய ஆட்டக்காரர்கள் லீவில் வந்தால் நாலு நாள் நின்று சொல்லிக் கொடுக்கிறார்கள். பொங்கல் லீவில் ஊருக்கு வரும் போலீஸ்காரர் லுங்கியோடு கோர்ட்டில் நிற்பது தனி அழகு.

சிக்கல் ஒன்று உண்டு. பெரும்பாலான ஊர்களில் எல்லா வேலையும் ஒரே ஆள் தலையில் இருக்கிறது. அவருக்குத் திருப்பூரில் வேலை கிடைத்தாலோ விசா வந்தாலோ அணி கலைந்துவிடும். ஊர் அவரைக் குறை சொல்லும். அவர் குடும்பத்தைப் பார்க்க வேண்டாமா? ஆகவே எந்தப் பொறுப்பானாலும் இரண்டு பேர் என்று நாங்கள் தீர்மானம் போட்டோம். பெண் பிள்ளைகள் அணி தொடங்கியபோது அது இன்னும் அவசியமாயிற்று. தாய்மார்களில் ஒருவராவது இல்லாமல் வேன் கிளம்பாது. ஒரு ஆண் தனியாகப் பிள்ளைகளை வெளியூர் கூட்டிப்போவது கிடையாது, அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி. ஆரம்பத்தில் சிலருக்கு மனவருத்தம்தான். இப்போது பழகிவிட்டது.

அரசுப் பக்கத்தில் ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். 2024-இல் கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு என்று ஊராட்சிகளுக்கு 33 வகைப் பொருட்கள் கொடுத்தார்கள். சாவியை வாங்கிச் சாயங்காலம் பெட்டியைத் திறக்க ஒரு ஆள் இருக்கிற ஊரில் அது நன்றாகப் பயன்படுகிறது.

கம்பெனிப் பணம் பற்றி இளைஞர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். 2013 கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவுப்படி, நிகர மதிப்பு 500 கோடியோ, விற்றுமுதல் 1,000 கோடியோ, நிகர லாபம் 5 கோடியோ உள்ள நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். கிராமப்புற விளையாட்டுப் பயிற்சியும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் அந்தப் பணம் வர வேண்டுமானால் கழகம் முறைப்படி பதிவாகியிருக்க வேண்டும், வருமான வரித் துறையில் தொண்டு அமைப்பாகப் பதிவும், நன்கொடை கொடுப்பவருக்கு வரிச்சலுகை தரும் அனுமதியும் வேண்டும், கம்பெனிகளின் சமூகப் பணிப் பணத்தை வாங்குவதற்கான சி.எஸ்.ஆர்.-1 படிவமும் கொடுத்திருக்க வேண்டும். ரசீது புத்தகமும் ரப்பர் ஸ்டாம்பும் மட்டும் வைத்திருக்கும் கழகத்துக்கு இது எட்டாது.

வெளிநாட்டுப் பணத்திலும் ஒரு கவனம் வேண்டும். நம் பிள்ளை இந்தியப் பாஸ்போர்ட்டோடு சிங்கப்பூரில் வேலை பார்த்து, தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் தொல்லை இல்லை. அதே பிள்ளை அந்நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டால் அவர் கொடுப்பது வெளிநாட்டு நன்கொடை. எஃப்.சி.ஆர்.ஏ. என்கிற 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி அனுமதி இல்லாமல் கழகம் அதை வாங்கக் கூடாது. 'நம்ம பையன்தானே' என்று சட்டம் பார்க்காது.

பெரிய கை ஒன்று கிடைத்தால் போதும் என்று நினைக்கிறவர்களுக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு கதை. 1939-இல் பென்சில்வேனியாவின் வில்லியம்ஸ்போர்ட் ஊரில் கார்ல் ஸ்டாட்ஸ் என்பவர் சிறுவர்களுக்காக லிட்டில் லீக் என்ற பேஸ்பால் அமைப்பைத் தொடங்கினார். கடை கடையாக ஏறி இறங்கியபோது ஒரு பால் பண்ணை 30 டாலர் கொடுத்தது. முதல் வருஷம் மூன்றே அணிகள். பால் பண்ணை, மரக் கடை, பிஸ்கட் மாதிரியான பிரெட்சல் செய்யும் கம்பெனி என்று கொடுத்தவர்களின் பெயரே அணிகளின் பெயர். நம் நோட்டீஸ் உபயம் மாதிரியேதான். அமைப்பு வளர்ந்தது, 1948-இல் ஒரு பெரிய ரப்பர் கம்பெனி கைகொடுத்தது. சில ஆண்டுகளில் அந்தக் கம்பெனியிலிருந்து வந்தவரே தலைவரானார். எப்படி நடத்துவது என்பதில் ஸ்டாட்ஸுக்கும் நிர்வாகத்துக்கும் தகராறு முற்றி நீதிமன்றம் வரை போனது. தொடங்கியவரே வெளியேறினார். லிட்டில் லீக் இன்றும் உலகம் முழுக்கத் தொண்டர்களை வைத்து நடக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் ஒருவர் கொடுக்கும் ஒரு லட்சத்தைவிட, நூறு பேர் ஆளுக்கு ஆயிரமாகக் கொடுப்பது எனக்குக் கணக்கெழுத நிம்மதியாக இருக்கும். ரசீது எழுதிக் கை வலிக்கும், அவ்வளவுதான்.

வரும் போட்டிக்கு எங்கள் கமிட்டியில் ஒரு யோசனை வைத்திருக்கிறேன். முதல் பரிசைப் பாதியாகக் குறைத்து, மிச்சத்தைப் பிள்ளைகள் கணக்கில் போட வேண்டும். நோட்டீஸில் பரிசு உபயத்துக்கு மேலேயே 'மாசி மாத முட்டை உபயம், பங்குனி மாத முட்டை உபயம்' என்று பன்னிரண்டு பெயர் பெரிய எழுத்தில் வர வேண்டும். மைக்கிலும் ஆட்டத்துக்கு ஆட்டம் அறிவிக்க வேண்டும். பரிசு குறைந்தால் பெரிய டீம் வராது, கூட்டம் சேராது, ஊர் மானம் போகும் என்று ஒரு தரப்பு சொல்கிறது. அதிலும் நியாயம் இருக்கிறது. கூட்டம் இல்லாவிட்டால் அடுத்த வருஷம் யார் கொடுப்பார்? இதுவரை ஐந்து மாதத்துக்குப் பெயர் சேர்ந்திருக்கிறது. மீதி மாதங்களில் ஆடி, ஐப்பசிக்குத்தான் ஆள் கிடைப்பது பெரும்பாடு. ஆடியில் கையில் காசு இருக்காது, ஐப்பசியில் தீபாவளிச் செலவு என்கிறார்கள். கமிட்டி அடுத்த வாரம் மறுபடி கூடுகிறது.

வணக்கம்.