ஆற்றைக் கடந்தவர்களும் ஊரை இழந்தவர்களும்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். கிங் விடோர் இயக்கி 1940இல் வெளிவந்த ‘நார்த்வெஸ்ட் பாசேஜ்’ படத்தில் விஞ்சி நிற்பது திரைக்கலையா, வரலாற்றுப் பொய்யா என்பது இன்றைய வழக்கு. பொய்யே என்று வாதிட வந்திருக்கிறேன்.

பிரெஞ்சுக்காரருடனான போரில் பிரிட்டிஷார் பக்கம் நின்ற ரேஞ்சர் படையினர் மனிதச் சங்கிலியாகக் கைகோத்து, இழுத்தோடும் ஆற்றைக் கடக்கும் காட்சியை எதிரணி நண்பர் வியந்து பேசினார். அந்த வியப்பு எனக்கும் உண்டு. ஆனால், படகுகளை மலைமேல் இழுத்தும் சதுப்பில் நாள்கணக்கில் நடந்தும் அவர்கள் படும் பாட்டைப் பார்த்துப் பார்த்து, ஸ்பென்சர் ட்ரேசி ஏற்ற படைத்தலைவர் மேஜர் ராபர்ட் ராஜர்ஸ், வட அமெரிக்கப் பழங்குடியினரான அபெனாக்கியரின் ஊரை வந்தடையும் வேளையில் நாமும் அவர் படையில் ஓர் ஆளாகிவிடுகிறோம். அதற்கு முன்பே அபெனாக்கியர் செய்ததாகக் கொடுமைகள் நம் காதில் ஓதப்படுவதால், தூங்கும் ஊருக்குத் தீ வைப்பது நமக்குக் கணக்குத் தீர்ப்பாகவே தோன்றுகிறது. நண்பர் புகழ்ந்த கலைதான் பொய்யைச் சுமந்து வருகிறது.

உண்மையில் நடந்தது என்ன? 1759 அக்டோபர் 4 அன்று, இன்றைய கனடாவின் கியூபெக்கிலுள்ள ஓடனாக் என்னும் அந்த ஊர் தாக்கப்பட்டது. இருநூறு பேரைக் கொன்றதாக ராஜர்ஸ் அறிக்கை எழுதினார். அபெனாக்கியரின் கூட்டாளிகளான பிரெஞ்சுத் தரப்போ, இறந்தவர் ஏறத்தாழ முப்பது பேர், அவர்களில் இருபது பேர் பெண்களும் குழந்தைகளும் என்று பதிவு செய்தது. அபெனாக்கியர் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் கதை ஒன்றும் உண்டு: முந்தைய இரவு, ஊர்மன்றத்தில் நடனம் நடந்துகொண்டிருக்க, வெளியே வந்த ஒரு பெண்ணிடம் இருளில் நின்ற அந்நியர் ஒருவர் வரப்போகும் தாக்குதலைச் சொல்லி எச்சரித்தார், அதை நம்பியவர்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு போய் ஒளிந்து பிழைத்தார்கள். சாகசப் படத்துக்கு இதைவிடக் காட்சி வேண்டுமா? திரும்பும் வழியில் ரேஞ்சர்கள் பட்ட பசிக்கு அத்தனை நேரம் ஒதுக்கிய படம், இந்தப் பெண்ணுக்கு ஒரு நொடியும் தரவில்லை.

‘அந்தக் காலத்துப் படத்தை இந்தக் காலத்து அளவுகோலால் அளக்கலாமா’ என்று நண்பர் கேட்டார். நடுவர் அவர்களே, நான் காட்டும் பிரெஞ்சுக் கணக்கு இக்காலத்து ஆராய்ச்சி அன்று. தாக்குதல் நடந்த காலத்திலேயே, படம் வருவதற்கு ஏறத்தாழ 180 ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டது. நன்றி, வணக்கம்.