மூட்டுக்குள் கசியும் குருதி

அவையோருக்கு வணக்கம்.

குருதி எளிதில் உறையாத பரம்பரை நோயான ஹீமோபீலியா உள்ள பிள்ளைக்குக் காயம் பட்டால் குருதி பீறிட்டுப் பாயும் என்றே பலர் எண்ணுகிறார்கள். வேகம் எல்லோருக்கும் உள்ளதுதான். நிற்காமல் நெடுநேரம் கசியும். அதுவும் பெரும்பாலும் வெளியே தெரியாமல் முழங்கால், முழங்கை, கணுக்கால் மூட்டுகளுக்குள். குருதியை உறைய வைக்கும் புரதங்களான உறைதற் காரணிகளில் 8 குறைந்தால் ஏ வகை, 9 குறைந்தால் பி வகை. ஏ வகை ஏறத்தாழ 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு வருகிறது.

1964இல் அமெரிக்க ஆய்வாளர் யூடித் பூல், குளிரில் உறையவைத்த பிளாஸ்மாவை (குருதியின் திரவப் பகுதியை) மெதுவாக உருக்கும்போது எஞ்சும் படிவில் காரணி 8 செறிந்திருப்பதைக் காட்டினார். இரத்த வங்கியில் 'கிரையோ' என்பது அதுதான். அதில் காரணி 9 இல்லை; பி வகைக்கு உதவாது. பிறகு பலரின் பிளாஸ்மாவிலிருந்து எடுத்த காரணித் தூள் மருந்து 1980களில் எச்.ஐ.வி.யையும் சேர்த்துக் காவியது. கிருமியழிப்பு முறைகள் அதன் பின்னரே உறுதியாயின. இன்று தோலுக்கடியில் போடும் எமிசிசுமாப் ஊசி இருக்கிறது. ஏ வகைக்கு மட்டும். கசிவு வராமல் தடுக்கும். தொடங்கிய கசிவை நிறுத்த அதை நம்பக்கூடாது.

நோயாளியான ஃபிராங்க் ஷ்னேபல் 1963இல் உலக ஹீமோபீலியாக் கூட்டமைப்பைத் தொடங்கினார். 1996 முதல் அது வசதி குறைந்த நாடுகளுக்கு நன்கொடை மருந்து அனுப்புகிறது. ஆனால் குப்பி குளிரூட்டியில் இருந்தும் பிள்ளை வந்துசேரப் பிந்தினால் என்ன பயன்?

மூட்டு வீங்குமுன்பே பிள்ளை “உள்ளுக்கை ஒரு மாதிரிக் கூசுது” என்பான். அதுவே நேரம். இயலுமானால் இரண்டு மணித்தியாலத்துக்குள் காரணி மருந்து ஏற வேண்டும். “வீங்கட்டும், பாப்பம்” என்று இருந்தால் தேங்கிய குருதியின் இரும்பு மூட்டின் உட்சவ்வைத் தடிக்க வைக்கும். அதே மூட்டில் திரும்பத் திரும்பக் கசியும். நோவெண்ணெய் பூசி உருவுவது இன்னும் கேடு. துணியில் சுற்றிய பனிக்கட்டி 15 நிமிடம், அசையாமல் உயர்த்தி வைத்தல், நோவுக்குப் பனடோல். அஸ்பிரினோ இபுபுரோஃபனோ கூடவே கூடாது.

கணக்கு எளிது. கிலோவுக்கு ஓர் அலகு கொடுத்தால் காரணி 8 இரண்டு வீதம் உயரும். காரணி 9 ஒரு வீதமளவே. 20 கிலோப் பிள்ளைக்கு 40 வீதம் உயர்த்த, ஏ வகையில் 400 அலகு, பி வகையில் 800. 400 என்று கணக்கு வந்து கையில் 500 அலகுக் குப்பி இருந்தால் முழுவதையும் கொடுங்கள், மிச்சத்தைக் கொட்டாதீர்கள். குப்பியைக் குலுக்காமல் சுழற்றிக் கரைக்க வேண்டும். தலையில் அடிபட்டால் முதலில் காரணி, பிறகுதான் ஸ்கேன்.

ஆய்வுகூடத்தாருக்கு ஒன்று: நீல மூடிக் குழாயைக் கோடுவரை நிரப்புங்கள். குறைந்தால் குழாயில் உறைவைத் தடுக்கும் சிட்ரேட் மிஞ்சி, நலமான பிள்ளைக்கும் உறைவு நேரம் நீண்டு காட்டும்.

கலியாணம் பேசுவோருக்கும் ஒன்று. நோயுள்ள ஆணின் மகள்மார் எல்லோரும் காவிகள், அதாவது நோயின் மரபணுவைக் கடத்தக்கூடியவர்கள். தாய்வழியாய் நோய் வந்த பொடியனுக்குத் தாய்மாமனும் அதே நோயாளியாக இருக்கலாம். அந்த மாமன் மகளை அவன் கட்டினால், பெண் பிள்ளைகளிலும் இருவரில் ஒருவருக்கு நோய் வர வாய்ப்புண்டு. சாதகம் பார்க்குமுன் இதைப் பாருங்கள்.

நெடுந்தீவுக் குடும்பம் என்றால் படகு நேரத்தையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். நோயின் வகை, குருதியில் உள்ள காரணியின் வீதம், கடைசியாக எடுத்த நிறை, காரணி மருந்தை வேலை செய்யவிடாத தடுப்பான் உடலில் உண்டா என்பவற்றை ஓர் அட்டையில் எழுதி, ஒரு பிரதியைப் பள்ளிக்கூடத்திலும் ஒன்றைப் பல் வைத்தியரிடமும் கொடுத்து வையுங்கள்.